பெரிய சைக்கிளும் ரேஞ்சரும்

பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பஸ் ஓடுகிறது, டூவீலரும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஆனாலும் இந்தக் கரிசல் வட்டாரத்தில் சைக்கிள் ஓய்ந்துவிடவில்லை. காட்டுக்குப் போகிற பெரியவர்கள், தண்ணீர்க் குடம் கட்டி வருகிறவர்கள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று காலையிலும் சாயங்காலமும் சாலையோரம் சைக்கிள் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

கவனித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலும் இரண்டு இனம். ஒன்று பழைய வண்டி: கறுப்புப் பெயின்ட், 28 அங்குல வீல், கம்பி பிரேக், ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு, கனத்த கேரியர். அதற்குப் பெரிய சைக்கிள் என்று பேர். இன்னொன்றில் 26 அங்குல வீலும் தடித்த டயரும் இருக்கும். ஹேண்டில்பார் நேர்க்கம்பி, முன்போர்க்கில் ஸ்பிரிங், கேபிள் பிரேக், சிலதில் கியர். 1970களில் கலிபோர்னியா மலைப்பாதைகளில் ஓட்டுவதற்கென்று உருவான வடிவத்தின் மலிவுப் பதிப்பு அது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் பையன்களுக்கு அது ரேஞ்சர்தான்.

இந்த இரண்டையும் ஓட்டுகிறவரின் உடம்பை வைத்து ஒப்பிட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம். விலையைப் பார்த்தும் மினுமினுப்பைப் பார்த்தும் சைக்கிள் வாங்குகிறோம். இடுப்பு கடுக்கிறது, கை மரக்கிறது, முழங்கால் குடைகிறது என்றால் "சைக்கிள் மிதிச்சா அப்படித்தான்" என்று சொல்லி ஒரு தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறோம். அப்படி ஏற்றுக்கொள்ள வேண்டிய வலி இல்லை அது. எந்த வலி எந்த வண்டியில் வரும் என்பதற்குக் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் பாதி வலியைச் சைக்கிள் கடையில் ஒரு ஸ்பேனர் தீர்த்துவிடும்.

முதலில் உட்காருவதைப் பார்ப்போம். பெரிய சைக்கிளில் சீட்டைத் தாங்குகிற குழாய் நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். ஹேண்டில்பார் உயர்ந்து, பிடிகள் ஓட்டுகிறவரைப் பார்த்து வளைந்து வரும். முதுகு நிமிர்ந்துவிடுகிறது. உடம்பின் பாரம் அநேகமாக முழுதும் புட்டத்துக்கு அடியில் உள்ள இரண்டு எலும்புகளில் இறங்குகிறது. அகலச் சீட்டு அந்த எலும்புகளைத் தாங்கத்தான். தோல் சீட்டாக இருந்தால் வருஷக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து எலும்பு பதிந்த இரண்டு குழிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தச் சீட்டு அந்த ஒரு மனிதருக்கு மட்டும் இதமாக இருக்கும், இரவல் வாங்கி ஓட்டுகிறவருக்கு இருக்காது. இந்த நிமிர்ந்த இருப்புக்கு ஒரு விலையும் உண்டு. பள்ளத்தில் வீல் இறங்கினால் கையும் காலும் அந்த அடியைப் பங்குபோட்டுக்கொள்வதில்லை. நேரே முதுகுத்தண்டில் ஏறுகிறது. சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங் வைத்ததே அதற்காக. ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிப்போன வண்டியை ஓட்டிக்கொண்டு இடுப்பு வலிக்கு மாத்திரை போடுகிறவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். மாற்ற வேண்டியது சீட்டை.

ரேஞ்சரில் உடம்பு முன்னுக்குச் சாய்கிறது. பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போய்விடுவதால் முதுகுத்தண்டுக்கு அடி குறைவு. அது நல்லதுதான். ஆனால் இடுப்பு முன்னால் உருளும்போது எலும்பில் இருக்க வேண்டிய பாரம் நகர்ந்து, சீட்டின் மூக்குப் பகுதியில், தொடையிடுக்கின் மென்மையான இடத்தில் விழுகிறது. நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற இடம் அது. கொஞ்ச நேரம் மிதித்தாலே அங்கே மரத்துப்போகிறது என்று பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகிற போலீஸ்காரர்கள் இதே குறையைச் சொன்னார்கள். அந்நாட்டு அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 90 போலீஸ்காரர்களை மூக்கே இல்லாத சீட்டில் ஆறு மாதம் ஓட்டவைத்துப் பார்த்தது. 2008-ல் வெளியான முடிவின்படி, மரத்துப்போகவே இல்லை என்று சொன்னவர்கள் 27 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாக உயர்ந்தார்கள். அப்படிப்பட்ட சீட்டைக் கோவில்பட்டிக் கடைகளில் தேடி அலைய வேண்டாம். ரேஞ்சரின் குறுகிய சீட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் அகலமானதைப் போட்டு, மூக்கு மேலே தூக்காமல் மட்டமாக வைத்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். பெண்களுக்கு அந்த இரண்டு எலும்புகளின் இடைவெளி பொதுவாக அதிகம் என்பதால் அகலச் சீட்டு அவர்களுக்கு இன்னும் அவசியம்.

மெத்தென்று இருக்கிறதே என்று ஜெல் கவர் வாங்கி மாட்டுகிறார்கள். கடையில் அமுக்கிப் பார்க்கும்போது இதமாகத்தான் இருக்கும். பத்து கிலோமீட்டர் தாண்டினால் எலும்பு கீழே அமிழ்ந்து, நடுப்பகுதி மேலே பிதுங்கி, எங்கே அழுத்தக் கூடாதோ அங்கே அழுத்தும். தூரம் போகிறவருக்குக் கெட்டியான சீட்டே சுகம்.

கைக்கு வருவோம். பெரிய சைக்கிளில் கை பிடியின் மேல் சும்மா கிடக்கிறது. ரேஞ்சரின் நேர்க்கம்பியில் உள்ளங்கை ஊன்றி, மணிக்கட்டு பின்னுக்கு மடங்குகிறது. சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கைக்கு இறங்குகிற நரம்பு அதில் நசுங்குவதால்தான் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கின்றன. சாய்ந்த உடம்போடு சாலையைப் பார்க்கத் தலையை நிமிர்த்திப் பிடிப்பதால் கழுத்தும் கடுக்கிறது. முன்போர்க்கு ஸ்பிரிங் இதைத் தீர்க்கும் என்று சொல்லி விற்கிறார்கள். மலிவு வண்டியில் அந்த ஸ்பிரிங் எடையைத்தான் கூட்டுகிறது. எழுந்து நின்று மிதித்தால் நம் பலத்தில் கொஞ்சத்தையும் அதுவே விழுங்கிவிடுகிறது. அதிர்வை உண்மையில் வாங்கிக்கொள்வது டயருக்குள் இருக்கிற காற்று. 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்று டயரைச் செய்ததே, தன் மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் அதிராமல் ஓட வேண்டும் என்றுதான். ரேஞ்சரின் தடித்த டயரில் காற்றை அளவாக வைத்தால் கைக்குக் கிடைக்கிற இதம் ஸ்பிரிங் தருவதைவிட அதிகம்.

இனி முழங்கால். கரிசல் காட்டு ஊர்களில் சைக்கிள் ஓட்டுகிற பாதிப் பேரின் சீட்டு தாழ்ந்திருக்கிறது. சரியான உயரம் பார்க்க எளிய வழி உண்டு. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்தே இருக்கும். சீட்டு இதைவிடத் தாழ்ந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. முட்டுச்சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. முட்டியின் முன்பக்கம் குடைகிற வலிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சீட்டு உயர்ந்துவிட்டாலோ முட்டியின் பின்பக்கம் இழுக்கும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். தொடையிடுக்கில் தோல் உரியும்.

இது தெரிந்த பிறகும் யாரும் சீட்டை ஏற்றுவதில்லை. காரணம் சோம்பல் அல்ல, பயம். நின்றால் கால் தரையில் படியவேண்டும். எதிரே லாரி வந்தால், ஆடு குறுக்கே ஓடினால், ஊன்றிக்கொள்ளக் கால் வேண்டும். சைக்கிளின் வரலாறே இந்தப் பயத்தில்தான் திரும்பியது. ஆளுயர முன்சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்து ஓட்டி, கல் தட்டினால் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்த காலத்தில், 1885-ல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்களுக்கு நடுவே மனிதனை இறக்கி உட்காரவைத்து, செயினைப் பின்சக்கரத்துக்குக் கொடுத்தார். இன்று நாம் ஓட்டுவதெல்லாம் அதன் வழிவந்தவை. அப்படியும் முழங்காலுக்கு ஏற்ற உயரமும் தரை தொடுகிற உயரமும் ஒன்றாக அமைவதில்லை. இரண்டுக்கும் நடுவில் எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் ஒவ்வொரு வண்டியின் கதையும்.

வடிவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இங்கே பெரிய சைக்கிளுக்கே வெற்றி. சீட்டுக் குழாய் பின்னுக்குச் சாய்ந்திருப்பதால் பெடல் சற்று முன்னால் போய்விடுகிறது. காலை நீட்டி மிதிக்கவும் முடிகிறது, நின்றால் பாதத்தை ஊன்றவும் முடிகிறது. ரேஞ்சரில் குழாய் செங்குத்தாக நெருங்கி நிற்பதால் சீட்டைச் சரியான உயரத்துக்கு ஏற்றினால் விரல் நுனிதான் தரையைத் தொடும். ஆனால் பெரிய சைக்கிள் இந்தச் சுகத்தை உயரமான ஆளுக்கு மட்டுமே கொடுக்கிறது. 22 அங்குலம், 24 அங்குலம் என்று பிரேம் அளவு இருந்தாலும், ஓட்டுகிறவரின் காலை அளந்து விற்றவர் யாரும் இல்லை. குட்டையான மனிதருக்குச் சீட்டை அடியோடு இறக்கினாலும் அது உயரம்தான். நிற்கவேண்டுமென்றால் வண்டியைச் சாய்த்துக் குதித்து இறங்க வேண்டும். பதற்றத்தில் முன்னால் சறுக்கினால் குறுக்குப் பாரில் அடிபடும்.

ஏறுவதும் அப்படியே. இடது காலைப் பெடலில் வைத்து நான்கு தட்டுத் தட்டி, வண்டி ஓட ஆரம்பித்ததும் வலது காலைக் கேரியருக்கு மேலாக வீசிப் போட்டு உட்காருகிற அந்த லாகவம் இருபது வயதில் அழகு. அறுபத்தைந்து வயதில், கேரியரில் பருத்திக்கொட்டை மூட்டை இருக்கும்போது, காலை எங்கே வீசுவது? முதியவர்கள் சைக்கிளிலிருந்து விழுவது வேகமாகப் போகும்போது மட்டும் நடப்பதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் நடக்கிறது. இடுப்பெலும்பு முறிய அந்த உயரமே போதும். நெதர்லாந்தில் வயதான ஆண்கள் பார் இல்லாத சைக்கிளைக் கூச்சமில்லாமல் ஓட்டுகிறார்கள். நம் ஊரில் அது லேடீஸ் சைக்கிள் என்று பேர் வாங்கிவிட்டதால் தாத்தாமார் அதைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பேத்தி பள்ளிப் படிப்பை முடித்ததும் வீட்டில் சும்மா நிற்கிற, அரசாங்கம் பள்ளியில் கொடுத்த பார் இல்லாத சைக்கிளைத் தாத்தா எடுத்து ஓட்டினால் அவர் முட்டிக்கும் நல்லது, இடுப்புக்கும் நல்லது.

பார் என்பது வேண்டாத உறுப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. பார் வைத்த வண்டியையே ஓட்டினார்கள். குழந்தையை முன்னால் உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பிய பெண்களும் இருந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். தமிழ்நாடு அரசு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிவாக்கிய விலையில்லாச் சைக்கிளில் பெண்பிள்ளைகளுக்குப் பார் இல்லை. சீருடையோடு ஏறி இறங்க அது பெரிய விடுதலை. குறை என்னவென்றால், வளர்த்தியான பெண்ணுக்கும் குட்டையான பெண்ணுக்கும் ஒரே அளவு. கொடுக்கிற அன்றைக்கே ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சீட்டு உயரத்தைச் சரிசெய்து அனுப்பினால், இரண்டு வருஷம் அந்த முழங்கால்கள் நோகாமல் இருக்கும்.

சிறுவர்கள் விஷயத்தில் ரேஞ்சர் செய்த நன்மையை மறுக்க முடியாது. பெரிய சைக்கிளை எட்டாத வயதில் எங்கள் தலைமுறை குரங்கு பெடல் அடித்தே கற்றது. பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பு ஒரு பக்கமும் வண்டி மறு பக்கமுமாகச் சாய்ந்து, ஒரு கை பாரைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஹேண்டிலைத் திருப்பி ஓட்டுவது. பிரேக் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. முட்டியிலும் கணுக்காலிலும் அந்தத் தழும்பு இல்லாதவர் குறைவு. அதை இன்று ஏக்கத்தோடு நினைத்துக்கொள்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அவன் உயரத்துக்கேற்ற ஒரு சின்ன ரேஞ்சர் கிடைப்பதை அந்த ஏக்கம் மறைத்துவிடக் கூடாது.

ஆடிக் காற்றுக்கு ரேஞ்சரே மேல். மேற்கே கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று, கோவில்பட்டியைப் பார்த்துப் போகிறவரின் நெஞ்சில்தான் அறைகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தவர் முழு உடம்பாலும் அதைத் தடுத்து நிறுத்துகிறார், குனிந்தவருக்கு அது குறைவு. கியர் இருந்தால் முழங்காலை முறுக்காமல் மெல்ல மிதித்துப் போகலாம்.

ஐப்பசி மழை வந்துவிட்டால் கணக்கு வேறு. நனைந்த கரிசல் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் ஏறி, நாலடி போவதற்குள் வீலை நிறுத்திவிடும். பெரிய சைக்கிளின் மட்கார்டு டயரை ஒட்டி இருப்பதால் குச்சியால் குத்திக் குத்தி மண்ணை எடுக்க வேண்டும். மட்கார்டு இல்லாத ரேஞ்சர் இன்னும் கொஞ்ச தூரம் போகும். பிறகு போர்க்கிலும் பிரேக்கிலும் மண் அடைத்து அதுவும் நிற்கும். தூக்கிச் சுமக்க வேண்டியதுதான். கரிசலைவிட ஆபத்தானது, கரிசல் தாரில் ஏறுகிற இடம். வண்டிப்பாதை சாலையில் சேருகிற முனையில் டிராக்டர் டயர் உதறிவிட்டுப் போன மண் கிடக்கும். தூறல் விழுந்தால் அந்த இரண்டு கஜத்தில் எந்த வண்டியும் வழுக்கும். அங்கே ஹேண்டிலைத் திருப்பக் கூடாது, முன்பிரேக்கைத் தொடவே கூடாது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடக்க வேண்டும்.

பிரேக்கில் பெரிய சைக்கிள் நிச்சயமாகத் தோற்கிறது. கம்பியை இழுத்தால் ரப்பர்க் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை அழுத்துகிற அந்த ஏற்பாடு அறுந்துபோகாது, வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் பிடிப்பு குறைவு. எஃகு ரிம் நனைந்தால் அந்தப் பிடிப்பும் போய்விடும். உலர்ந்த சாலையில் நிற்கிற தூரத்தைப் போலப் பல மடங்கு தாண்டித்தான் நிற்கும். அலுமினிய ரிம்மும் கேபிள் பிரேக்கும் சேர்ந்த ரேஞ்சர் மழையில் எவ்வளவோ நம்பகமானது. டிஸ்க் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. இங்கே ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த ரேஞ்சர்களில் பலவற்றுக்கு ரிம் பளபளக்கிற எஃகுதான். வாங்கும்போது ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எஃகு ரிம் வண்டி வைத்திருப்பவர்கள் மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே பிரேக்கை லேசாக உரசவிட்டு, ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துக்கொண்டு போக வேண்டும். முன்பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று பயந்து அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்வீலுக்கு நகர்வதால், உலர்ந்த தாரில் வண்டியை உண்மையில் நிறுத்துவது முன்பிரேக்தான். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழக வேண்டும்.

சுமையென்று வந்தால் பெரிய சைக்கிளுக்கு ஈடில்லை. பின்னச்சில் போல்ட் போட்டு இறுக்கிய கேரியரில் பக்கத்துக்கு ஒன்றாகக் குடம் தொங்கவிட்டு ஊரே தண்ணீர் சுமந்திருக்கிறது. சுமை அச்சுக்குப் பக்கமாகத் தாழ்ந்திருப்பதால் வண்டி ஆடுவதில்லை. ரேஞ்சருக்குக் கேரியரே கிடையாது. தனியாக வாங்கி மாட்டினால் அது அந்தப் பாரத்துக்கு ஆனதல்ல. ஆகவே டபுள்ஸ் போகிற பையன் பின்னச்சில் மாட்டிய குழாய்த்துண்டில் ஏறி, ஓட்டுகிறவன் தோளைப் பிடித்து நிற்கிறான். இதைக் கண்டால் தடுத்துவிடுங்கள். பாரம் அவ்வளவு உயரத்தில் இருந்தால் ஒரு சின்னப் பள்ளமே இருவரையும் கவிழ்த்துவிடும்.

பெரிய சைக்கிள் கேரியரிலும் சிறு பிள்ளைகளுக்கு ஒரு கொடுமை காத்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் காலை உள்ளே மடக்கினால் குதிகால் சுற்றுகிற போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். குதிகால் தோல் கிழிந்து மடல்போலத் தொங்க, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய வீடுகள் எத்தனையோ. சேலை மாட்டாமலிருக்க லேடீஸ் சைக்கிளில் வைக்கிற வலைக்கம்பியை எந்தச் சைக்கிளின் பின்வீலிலும் இரண்டு பக்கமும் பொருத்தலாம். கால் வைக்க ஒரு கட்டையும் சேர்த்துப் பொருத்தாமல் பிள்ளையைக் கேரியரில் ஏற்றக் கூடாது.

எனக்கு எது வேண்டும் என்று கேட்டால், பெரிய சைக்கிளின் நிமிர்ந்த இருப்பும் கேரியரும், ரேஞ்சரின் பிரேக்கும் டயரும், பார் இல்லாத பிரேமும் சேர்ந்த ஒன்று. அப்படி ஒரு வண்டி இந்தப் பக்கத்துக் கடைகளில் அழகாக அடுக்கி நிற்பதில்லை. இருக்கிற ரேஞ்சரையே அதற்குப் பக்கமாகக் கொண்டுவர முடியும்: உயர்ந்து பின்னுக்கு வளைகிற ஹேண்டில்பார், அகலச் சீட்டு, கனத்த கேரியர், மட்கார்டு. ஹேண்டிலை மாற்றும்போது பிரேக் கேபிளையும் நீளமாக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் திருப்பும்போது கேபிள் இழுத்துக்கொண்டு தானாக பிரேக் பிடிக்கும்.

இருட்டிய பிறகு இரண்டு வண்டிக்கும் நிலைமை ஒன்றே. பழைய வண்டியில் இருந்த டைனமோ மிதிக்கும்வரை எரியும், நின்றால் அணைந்துவிடும். அதுவும் இன்று பெரும்பாலான வண்டிகளில் இல்லை. ரேஞ்சரில் விளக்குக்கு இடமே விடுவதில்லை. கோவில்பட்டி நான்குவழிச் சாலையைக் கடக்கிறவர்களும், தெருவிளக்கில்லாத பசுவந்தனைச் சாலையில் திரும்பி வருகிறவர்களும் பின்னால் வருகிற வண்டியின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றைத்தான் நம்பியிருக்கிறார்கள். புதுச் சைக்கிள்களில் போடுகிற பிரதிபலிப்பான்களுக்கு மத்திய அரசு 2020-ல் தரக்கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. ஓடிக்கொண்டிருக்கிற பழைய சைக்கிள்களுக்கு நாம்தான் போட வேண்டும். பின்மட்கார்டில் சிவப்பு ஸ்டிக்கர், பாட்டரியில் எரிகிற ஒரு சிவப்பு விளக்கு, இரண்டு பெடல்களின் முன்னும் பின்னும் மஞ்சள் ஸ்டிக்கர். பெடல் ஸ்டிக்கரைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. அது மேலும் கீழும் ஆடுவதால், சாலையோரம் மின்னுவது கல்லோ கம்பமோ அல்ல, போகிற ஒரு மனிதர் என்று லாரி டிரைவருக்கு வெகுதூரத்திலேயே விளங்கிவிடும்.